செட்டிநாட்டுப் பழைய வீட்டில் பெரிய பூச்சிகள்: எதற்கு அஞ்ச வேண்டும், எதை விட்டுவிடலாம்?

மலைநாட்டுக்காரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்குக் காரைக்குடியில் வேலை கிடைத்ததால் பங்குனி மாதம் இந்தப் பக்கம் குடிவந்தோம். கோட்டையூரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் இரண்டு அறைகள், அடுப்படி, குளியலறை, கிணற்றடி ஆகியவற்றை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். உரிமையாளர்கள் சென்னையில் வசிக்கிறார்கள். திருமணம், சாந்தி போன்ற விசேஷங்களுக்கு மட்டும் வந்து முன்பக்கத்தைத் திறப்பார்களாம். நாங்கள் குடியேறிய பகுதி நெடுங்காலமாகப் பூட்டியே கிடந்தது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். வீடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சிக்காகவே இங்கே எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் அந்தத் தரையில் வெறுங்காலுடன் நடப்பதற்கே இப்போது அச்சமாக இருக்கிறது.

குன்னூரிலும் பூச்சிகள் உண்டு. மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டை ஏறும்; தெருவிளக்கைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் அந்துப்பூச்சிகள் வரும். ஆனால் அவை வெளியிலேயே இருந்துவிடும். இங்கே அந்தி சாய்ந்ததும் குளியலறையிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள கரப்பான் பூச்சிகள் வெளிப்படுகின்றன. வெப்பம் மிகுந்த இரவுகளில் அவை பறக்கவும் செய்கின்றன. சமையலறைச் சுவரில் உள்ளங்கையளவு சிலந்தி ஒன்று, வயிற்றின் கீழே வெள்ளை வில்லை போன்ற ஒன்றைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றது. கிணற்றடித் துவைகல்லின் ஓரத்தில் விரல் நீளத்துக்கும் மேலான கருந்தேளைப் பார்த்தோம். அறையின் நிலைப்படி மூலையில், இடுப்பு நூலாக இளைத்த கறுப்பும் மஞ்சளுமான குளவி ஒன்று நாள் முழுவதும் மண் கொண்டுவந்து கூடு கட்டுகிறது. அதைத் தட்டிவிடப் போனபோது, குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லிப் பக்கத்து வீட்டு ஆச்சி தடுத்துவிட்டார். எங்கள் மகள் இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறாள். கையில் அகப்படுவதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம்.

பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றை அழைத்து மருந்து அடித்தோம். சில வாரங்கள் அமைதியாக இருந்தது; பிறகு குட்டிக் கரப்பான்கள் கூட்டமாக வந்தன. மறுபடியும் அடிக்க வேண்டும் என்கிறார்கள். குழந்தை தவழும் தரையில் திரும்பத் திரும்ப நஞ்சு தெளிக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே, இவற்றுள் எவை உண்மையில் ஆபத்தானவை, எவற்றை அப்படியே விட்டுவிடலாம், மருந்து அடிக்காமல் வரவைக் குறைக்க என்ன வழி என்று இந்தப் பகுதியை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பள்ளத்தூர் ஆச்சி

மகளே, பூட்டிக் கிடந்த வீட்டில் குடியேறினால் முதல் ஆண்டு இப்படித்தான் இருக்கும். அந்த வீட்டில் இத்தனை நாளும் குடியிருந்தவை அவைதான். இந்த வீடுகள் ஒரு காலத்தில் ஆள் நிறைந்து கிடந்தன; காலையும் மாலையும் பெருக்குவார்கள், வளவைக் கழுவிவிடுவார்கள், அடுப்பு அணையாது. ஆள் நடமாட்டம் குறைந்தபோது பூச்சி உள்ளே வந்தது. ஆகையால் மருந்துக் குப்பியை எடுப்பதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள்.

உங்கள் அறைகளின் மேலே நாட்டு ஓடு இருக்கிறதா, தட்டோடு போட்ட மச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நாட்டு ஓடு என்றால் அதன் அடுக்குகளுக்கு இடையில் தேளும் பூரானும் தங்கும். ஆண்டுக்கொருமுறை மழைக்கு முன்பு ஆள் வைத்து ஓடு பிரித்து, உடைந்ததை மாற்றி, சருகைத் தள்ளி அடுக்குவது அதற்காகவும்தான். கூரையின் இரு சரிவுகள் சேரும் கூடல்வாயில் சருகு சேர்ந்து மட்கியிருந்தால் அங்கே மரவட்டை பெருகும். முற்றத்தின் தண்ணீர் வெளியேறும் வாய்க்குப் பழைய காலத்தில் துளையிட்ட கல் வைத்திருப்பார்கள். பல வீடுகளில் அந்தக் கல் போய், வெறும் ஓட்டைதான் மிச்சமிருக்கிறது. அதன் வழியாகப் பெருச்சாளியே வரும், பூச்சி வருவதற்குக் கேட்கவா வேண்டும்? ஓர் இரும்பு வலைத்துண்டை அளவாக வெட்டிச் சிமென்ட் வைத்துப் பதித்துவிடச் சொல்லுங்கள்.

கிணற்றடியில் விறகு, தேங்காய் மட்டை, பழைய ஓடு, சாக்கு எதுவும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. விறகு வேண்டுமென்றால் கல் மீது பலகை போட்டு, தரையிலிருந்து தூக்கி அடுக்குங்கள். எடுக்கும்போது கையை உள்ளே விடாமல், முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டு எடுக்க வேண்டும். செருப்பு, காலுறை, கொடியில் காயும் துணி ஆகிய மூன்றையும் உதறாமல் உடம்பில் போடக் கூடாது என்பதை என் மாமியார் எனக்குச் சொன்னார். அதையே நான் உங்களுக்குச் சொல்கிறேன். கட்டிலைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையில் புரளக் கூடாது. பிள்ளையைத் தூளியில் போட்டாலும் கட்டிலில் போட்டாலும் வலை இல்லாமல் படுக்க வைக்க வேண்டாம்.

சாயங்காலம் வேப்பிலையோ நொச்சியோ போட்டுப் புகை காட்டினால் கொசு விலகும். ஆனால் கரப்பான் அதற்கெல்லாம் அசையாது. நாங்கள் சாக்கடை வாயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிவிடுவோம், அன்றைக்கு ஒன்றும் மேலே வராது. குளவிக் கூட்டைப் பொறுத்தவரை உங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னதையே நானும் சொல்வேன். அது யாரையும் தேடி வந்து கொட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முந்திரிக்காட்டு வேளாண்மையர்

ஆச்சி வீட்டைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரியானவை. பூச்சியியல் படித்தவன் என்ற முறையில் கரப்பானில் தொடங்கிச் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அதுதான்.

நீங்கள் பார்ப்பது அமெரிக்கக் கரப்பான் என்று அழைக்கப்படும் வகை. பெயர் அப்படியிருந்தாலும் அதன் தாயகம் ஆப்பிரிக்கா. கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவியது. அலமாரியின் இடுக்கில் வாழும் சிறிய செர்மானியக் கரப்பானைப் போல அது சமையலறையிலேயே குடும்பம் நடத்துவதில்லை. அதன் இருப்பிடம் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, கிணற்றடி ஈரம். உங்கள் வீட்டுக்கு அது இரவில் வந்து போகும் விருந்தாளி. குளிர்ந்த மலையில் மெதுவாக நடக்கும் அதன் வளர்ச்சி இந்த வெயிலில் வேகமெடுக்கிறது, ஏனெனில் பூச்சியின் உடல் வெப்பம் சுற்றுப்புற வெப்பத்தையே பின்பற்றுகிறது. பெண் கரப்பான் இடும் கடினமான முட்டைப் பை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15 முட்டைகள் இருக்கும். தெளிக்கும் மருந்து அந்தப் பையின் ஓட்டைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. சில வாரம் அமைதி, பிறகு குட்டிகளின் கூட்டம் என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் இதுவே. மருந்து அடித்தவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு விருந்தாளியை விரட்டினால் அவர் திரும்பி வரத்தான் செய்வார்.

அந்த வாசல் எது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அது பெரும்பாலும் குளியலறைத் தரையில்தான் இருக்கும். தண்ணீர் வடியும் இடத்தில் பிளம்பர்கள் நஹானி டிராப் என்று சொல்லும் கிண்ணம் போன்ற அமைப்பு உண்டு. அதில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு தண்ணீர்தான் சாக்கடை நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். அதன்பின் அது வெறும் குழாய், கரப்பானுக்கு நேர்வழி. பயன்படுத்தாத குளியலறை, பூட்டியிருக்கும் முன்கட்டுக் கழிப்பறை உட்பட ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீரை அவ்வப்போது ஊற்றுங்கள். நெடுநாள் புழங்காத இடமென்றால் தண்ணீரின் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் அது ஆவியாவது குறையும். உள்கிண்ணம் உடைந்திருந்தாலோ, சுத்தம் செய்வதற்காக யாரோ கழற்றி எடுத்துவிட்டிருந்தாலோ, தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் உச்சியில் துருப்பிடிக்காத கம்பி வலையைக் கட்டுங்கள், மூடியின் விரிசலைப் பூசிவிடுங்கள். கதவின் அடியில் இருக்கும் இடைவெளிக்கு ரப்பர் பட்டையோ தூரிகைப் பட்டையோ கிடைக்கிறது. தேள், பூரான், கரப்பான் மூன்றுக்கும் அது ஒரே தடுப்பு.

மிச்சத்துக்குக் கரப்பான் ஜெல் போதும்; அது கரப்பான் இரையென்று தின்று சாகும் நஞ்சு கலந்த பசை. கடுகளவு பொட்டுகளாகக் குழந்தையின் கைக்கு எட்டாத கீல், அலமாரியின் பின்புறம், தொட்டியின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வைக்க வேண்டும். ஜெல் வைத்த இடத்தில் மருந்துத் தெளிப்பான் அடிக்கவே கூடாது, ஏனெனில் அந்த வாடை கரப்பானை இரையிடமிருந்து விலக்கிவிடும். போரிக் அமிலத்தைச் சர்க்கரையுடன் பிசைந்து உருட்டி வைப்பதும் பலன் தரும் முறைதான் என்றாலும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இனிப்பான நஞ்சுருண்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனிச் சிலந்தி. நீங்கள் பார்த்தது வலை பின்னாமல் இரவில் ஓடி வேட்டையாடும் வகை. வெள்ளை வில்லை அதன் முட்டைப் பை, சுமந்தது தாய். பெரிய கரப்பானையே பிடித்துத் தின்னும். அதன் கடி மனிதருக்கு ஆபத்தானதன்று. பார்க்கப் பிடிக்காவிட்டால் ஓர் அகன்ற டப்பாவைக் கவிழ்த்து, அட்டையை அடியில் நுழைத்து, தோட்டத்தில் கொண்டுபோய் விடுங்கள். பல்லியையும் துரத்த வேண்டாம்.

நிலைப்படியில் கூடு கட்டுவது தனித்து வாழும் மண்குளவி. அது சிலந்திகளைக் கொட்டி, கொல்லாமல் செயலிழக்கச் செய்து, மண் அறைக்குள் அடைத்து, அவற்றின் மேல் முட்டையிட்டு வாயை மூடிவிடும். வெளிவரும் புழுவுக்கு அந்தச் சிலந்திகளே உணவு. காக்க வேண்டிய கூட்டமோ அரசியோ இல்லாததால் அது கூட்டைக் காக்கப் பாய்ந்து வருவதில்லை. மூடிய மண் கூட்டில் வட்ட ஓட்டைகள் தோன்றினால் குளவிகள் வெளியேறிவிட்டன என்று பொருள். அப்போது சுரண்டி எடுத்துவிடலாம். எனினும் குழந்தை தூங்கும் அறையாக இருந்தால், கட்டத் தொடங்கும்போதே ஈர மண்ணைத் துடைத்துவிடுவது நல்லது. அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும், ஆச்சி மன்னிக்க வேண்டும்.

கேள்விக்குத் தேவையில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை நீங்கள் ஒருநாள் பார்க்கக்கூடும். மரகதப் பச்சையில் மின்னும் சிறு குளவி ஒன்று கரப்பானை முதலில் மார்பிலும் பிறகு தலைக்குள் மிகத் துல்லியமாகவும் கொட்டும். அதன்பின் கரப்பானுக்குக் கால்கள் இயங்கும், ஆனால் தானாக ஓட வேண்டும் என்ற உந்துதல் போய்விடும். குளவி அதன் உணர்கொம்பைப் பற்றி இழுத்துச் செல்ல, அது எதிர்க்காமல் பின்னால் நடந்து குழிக்குள் போகும். அந்தப் பச்சைக் குளவி வீட்டுக்குள் வந்தால் தயவுசெய்து அடிக்காதீர்கள்.

இரவுப்பணிச் செவிலி

மேலே எழுதியவர்கள் அச்சத்தைக் குறைத்திருக்கிறார்கள். நான் அஞ்ச வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன். அவசரப் பிரிவில் பணிபுரிபவள் என்பதால் என் பார்வை சற்றுக் கடுமையாக இருக்கலாம்.

முதலில், ஆச்சி சொன்ன மண்ணெண்ணெய் வேண்டாம். சாக்கடையில் ஊற்றுவதால் வரும் தீங்கைவிட, அதற்காக அது வீட்டில் ஒரு தண்ணீர்ப் புட்டியில் வைக்கப்பட்டிருப்பதால் வரும் தீங்கு பெரிது. குழந்தை ஒரு வாய் குடித்தாலும் அது நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுத் திணறலை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைப்பது அதை இன்னும் மோசமாக்கும். அந்துருண்டையும் அப்படித்தான். அதை விழுங்கினாலும், அது போட்டு வைத்த துணியைப் பச்சிளங்குழந்தைக்கு உடுத்தினாலும், பிறவியிலேயே ஒரு குறிப்பிட்ட நொதி குறைந்த குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்.

தேளைப் பொறுத்தவரை, பார்வைக்கு அச்சமூட்டுவதும் உயிருக்கு ஆபத்தானதும் வேறு வேறு. கிணற்றடியில் நீங்கள் கண்ட, பருத்த கொடுக்குகள் கொண்ட கரிய பெரிய தேளை நட்டுவாக்காலி என்பார்கள். கொட்டினால் நன்றாக வலிக்கும். ஆனால் பெரும்பாலும் வலியோடு முடிந்துவிடும். அதைவிடச் சிறிய, செம்பழுப்பு நிறமான, கொடுக்குகள் மெலிந்து வால் தடித்த செந்தேள்தான் உண்மையான அபாயம். இந்தியாவின் பல பகுதிகளில் இருப்பதைப் போலத் தமிழ்நாட்டிலும் அது உண்டு. கல்லின் அடியிலும் சுவர் விரிசலிலும் தங்கும். அது கொட்டிய குழந்தைக்கு உடல் முழுதும் வியர்த்து ஊற்றும், வாந்தி வரும், கைகால் சில்லிட்டுப் போகும், நெஞ்சு படபடக்கும்; கவனிக்காவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் இதனால் பல குழந்தைகள் இறந்தார்கள். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் என்ற மலிவான மாத்திரையை 1980களில் தேள்கடிக்குப் பயன்படுத்தி, அதன் பலனை உலகுக்குக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. ஆகையால் இன்று இது நேரத்தோடு வந்தால் காப்பாற்றக்கூடிய நோய். கொட்டிய இடத்தைக் கீறுவது, கயிறு கட்டுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிக்கப் போய் நேரம் கடத்துவது எதுவும் கூடாது. குழந்தையாக இருந்தால் எந்தத் தேள் என்று ஆராயாமல் 108-ஐ அழைத்து, காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

தேளைத் தேடிப் பிடிப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. புற ஊதாக் கதிர் டார்ச் இப்போது குறைந்த விலையில் கிடைக்கிறது; நிலா இல்லாத இரவில் அதைக் கிணற்றடியிலும் சுவரோரத்திலும் அடித்தால், தேளின் உடல் நீலப்பச்சையாக ஒளிரும். அப்போதுதான் தோலுரித்த தேள் மட்டும் ஒளிராது. நீண்ட இடுக்கியால் எடுத்து ஒரு வாளியில் போடலாம். டார்ச்சைக் குழந்தையின் கண்ணில் படும்படி பிடிக்க வேண்டாம்.

அடுத்தது கதண்டு. மண்குளவி வேறு, கதண்டு வேறு. பனையிலோ, புளியமரத்திலோ, ஆளில்லாத வீட்டின் இறவாரத்திலோ காகிதம் போன்ற உருண்டையாகப் பெரிய கூடு தொங்கினால், கல்லெறியவோ தீப்பந்தம் காட்டவோ யாரையும் விடாதீர்கள். கூட்டமாகக் கொட்டினால் சிறுநீரகம் செயலிழந்து பெரியவர்களே இறக்கிறார்கள். 101-ஐ அழைத்தால் தீயணைப்புத் துறையினர் வந்து அழிப்பார்கள். ஒரே ஒரு குளவி கொட்டி, உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு எழும்பி, மூச்சு இரைத்தால் அது ஒவ்வாமை. அதற்கு நிமிடங்கள்தான் அவகாசம்.

பூரான் கடி மிகவும் வலிக்கும், உயிருக்கு ஆபத்து அரிது. கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கடிபட்ட இடத்தை வைத்திருந்தால் வலி தணியும். காதில் பூச்சி புகுந்தால் குச்சியை விட்டுக் குடையாமல், சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் அது இறந்துவிடும். பிறகு மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளலாம். காதில் சீழோ சவ்வில் ஓட்டையோ இருப்பவர்களுக்கு எண்ணெய் விடக் கூடாது.

கடைசியாக ஒன்று. மழைக்காலத்தில் காலையில் எழுந்ததும் கழுத்திலோ முகத்திலோ கோடு இழுத்தது போல எரிச்சலும் கொப்புளமும் தோன்றினால், சிலந்தி நக்கிவிட்டது என்று இங்கே சொல்வார்கள். சிலந்திக்கு அதில் பங்கில்லை. வயல் பக்கமிருந்து விளக்குக்கு வரும், எறும்பைப் போன்ற, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி அமைந்த ஒரு சிறு வண்டைத் தூக்கத்தில் தோலின் மீது நசுக்கினால் அதன் உடல்நீர் பட்டு இப்படி ஆகும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதிவிட்டு, அந்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வந்து, உள்ளே குத்தும் வலியும் இருந்தால் அது அக்கி. மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொப்புளத்தின் மேல் காவி எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் அக்கிக்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

திரும்பி வந்தவன்

நானும் குளிர் நாடொன்றில் பல காலம் இருந்துவிட்டு தேவகோட்டைக்குத் திரும்பியவன். மேலே சொன்னவற்றோடு எனக்கு வேறுபாடு இல்லை, ஆனால் செலவைப் பற்றி யாரும் பேசவில்லை. பணத்தைச் சன்னல் வலையில் போடுங்கள், மற்றவற்றில் வேண்டாம். நைலான் வலையை எலி கடித்துவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகு வலை ஒருமுறை போட்டால் போதும். பழைய சன்னல்களின் தேக்குச் சட்டத்தில் ஆணி அடிக்க உரிமையாளர் ஒப்ப மாட்டார்; காந்தப் பட்டையில் ஒட்டும் சட்டம் செய்து தருகிறார்கள். சுவரில் செருகினால் செவிக்கு எட்டாத ஒலியால் பூச்சியை விரட்டும் என்று விற்கப்படும் கருவியை வாங்கவே வேண்டாம். இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே அதன் தயாரிப்பாளர்களை எச்சரித்தது.

வெளி விளக்குகளை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றியது எனக்குப் பெரிதும் உதவியது. நீலமும் புற ஊதாவும் கலந்த வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும்.

மலைநாட்டுக்காரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. குளியலறையிலும் பூட்டியிருந்த பின்கழிப்பறையிலும் வடிகால் கிண்ணங்கள் வற்றிக் கிடந்தன. ஒன்றில் உள்கிண்ணமே இல்லை. மாற்றி, வலை பதித்து, கதவடிக்குப் பட்டை ஒட்டிய பிறகு பெரிய கரப்பான் ஒன்றிரண்டு தவிர வரவில்லை. அந்துருண்டைகளை வீட்டிலிருந்தே அகற்றிவிட்டேன். புற ஊதா டார்ச்சால் கணவர் தினமும் கிணற்றடியைச் சுற்றி வருகிறார். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது என்று தோன்றுகிறது.

புதிதாக ஒரு கேள்வி. நேற்றுப் பெய்த கோடை மழைக்குப் பிறகு அந்தியில் ஆயிரக்கணக்கில் ஈசல் பறந்தது. பெரும்பகுதி முற்றத்து விளக்குக்கு வெளியிலிருந்து வந்தது. ஆனால் அடுப்படிக் கதவுநிலையின் அடியிலிருந்தும் வரிசையாகச் சில புறப்பட்டதைப் பார்த்தேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

முந்திரிக்காட்டு வேளாண்மையர்

முற்றத்துக்கு வந்தவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஈசல் என்பது புதுக் குடி அமைக்கப் புறப்படும் சிறகு முளைத்த கறையான். அது கடிக்காது, அன்றிரவே சிறகை உதிர்த்துவிடும். அடுத்த மழையன்று அந்தி வேளையில் உள்விளக்குகளை அணைத்துவிட்டு, தோட்டத்தில் ஒரு விளக்கின் கீழ் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், அங்கேயே விழுந்துவிடும். வெளிச்சத்தின் மீதுள்ள காதலால் பூச்சி வருகிறது என்று கவிஞர்கள் எழுதுவார்கள். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, பறக்கும் பூச்சிகள் வானம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிப் பறக்கும் பழக்கத்தால் விளக்கை வானம் என்று கொண்டு, அதற்கு முதுகைத் திருப்பித் திருப்பிச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்று காட்டியது.

நிலையின் அடியிலிருந்து புறப்பட்டவைதான் கவனிக்க வேண்டியவை. அங்கே சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ வளர்ந்த கறையான் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. முன்கட்டின் பர்மாத் தேக்குக்குக் கறையான் எளிதில் வருவதில்லை; ஆனால் அடுப்படிப் பக்கம் பிற்காலத்தில் மலிவான மரத்தால் மாற்றிய நிலைகள் பல வீடுகளில் உண்டு, உங்களுடையதும் அப்படி இருக்கக்கூடும். நிலையின் ஓரத்திலும் சுண்ணாம்புச் சுவரிலும் பென்சில் பருமனில் மண் குழாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நடுவில் ஓர் அங்குலம் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி அடைத்திருந்தால் உள்ளே உயிருடன் இயங்குகிறது. மரத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சாக்கட்டியால் குறித்து வையுங்கள். மேலே பூசும் மருந்தால் இது தீராது. தரையோரம் துளையிட்டு மண்ணுக்குள் மருந்து செலுத்த வேண்டும், அது உரிமையாளர் செய்ய வேண்டிய செலவு. கிணறு அருகில் இருப்பதை மருந்து செலுத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தப் பக்கம் மருந்து இறங்கக் கூடாது. வேலை நடக்கும் நாட்களில் குழந்தையுடன் வேறெங்காவது தங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

மண்ணெண்ணெய் பற்றிச் செவிலியம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மகளே, வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் மண் குழாயைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் வருவார்கள். அந்த ஆட்களைக் கொண்டே நிலையையும் கூடல்வாயையும் பார்த்துவிடச் சொன்னால் அவருக்கும் கூலி மிச்சம். தோட்டத்துப் பாத்திரத்தில் விழுந்த ஈசலைக் கொட்டிவிட வேண்டாம், பக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள் இருந்தால் கேட்டு வாங்கிப் போவார்கள். எங்கள் காலத்தில் அதை வறுத்துப் பொரியில் கலந்து நாங்களே தின்றோம். உங்களை வற்புறுத்த மாட்டேன்.